ஐந்து பேர், ஒரு வேன், ஒரு வீடு: குறைந்த செலவில் ஸ்லாஷர் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் வேனில் போகிறார்கள். வண்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் மனிதக் கறி தின்பவர்கள். ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் இந்த மாதிரிக் கொலைப் படத்துக்குத்தான் ஸ்லாஷர் என்று பெயர். இந்தக் கதையைப் பல முறை பார்த்திருப்பீர்கள். ஆனாலும் இன்னொருவர் எடுத்தால் உட்கார்ந்து பார்க்கிறோம். எடுக்க நினைப்பவர்களுக்கும் இதன் மேல் ஆசை தீராததற்குக் காரணம் இருக்கிறது. நட்சத்திரம் வேண்டாம், பாட்டு வேண்டாம், பத்துப் பேரும் ஒரு பாழும் வீடும் போதும் என்று தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். பாழடைந்த அரிசி ஆலை ஒன்றில் நண்பர்களோடு 18 நிமிடக் குறும்படம் எடுத்தபோது நாங்கள் செய்த தப்புகளில் பாதி, 1973-லேயே டெக்சஸில் சிலர் செய்து பட்டுத் தெளிந்தவை. அது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அதனால் இந்த வழிகாட்டிக்கு அந்த ஒரு படப்பிடிப்புதான் பாடப் புத்தகம்: டோப் ஹூப்பர் இயக்கி 1974 அக்டோபரில் வெளிவந்த 'தி டெக்சஸ் செயின் சா மாஸக்கர்'. எழுதியவர்கள் ஹூப்பரும் கிம் ஹெங்கலும். ஆஸ்டின் நகரைச் சுற்றி, கோடை வெயிலில், பெயர் தெரியாத உள்ளூர் நடிகர்களை வைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் எடுத்தார்கள். செலவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 1,40,000 டாலர். அமெரிக்காவில் மட்டும் வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது.

படி 1: கதைக்கு முன்னால் இடத்தைப் பிடியுங்கள்

ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு லொகேஷன் தேடுவது பணக்காரர்களின் வழக்கம். உங்களுக்கு எந்த வீடு கிடைக்கும், எந்தத் தோப்பு கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். கிடைத்ததில் ஒரு நாள் முழுக்க, காலை ஆறு மணி முதல் இருட்டும் வரை, சும்மா உட்கார்ந்திருங்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த நேரத்தில் ஜன்னலில் விழுகிறது, எந்தக் கதவு முனகுகிறது, எங்கே படி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். கதை அதிலிருந்தே பாதி வரும். எங்கள் ஆலையில் துருப்பிடித்த ஷட்டர் ஒன்று இருந்தது. அதை ஏற்றி இறக்கும் சத்தத்தைக் கேட்டதும் முன்பே எழுதி வைத்திருந்த கிளைமாக்ஸைத் தூக்கிப் போட்டோம்.

ஹூப்பர் குழுவுக்கு ரவுண்ட் ராக் ஊர்ப் பக்கம் ஒரு பழைய மரவீடு கிடைத்தது. படத்தின் பயங்கரம் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டுக்குள்தான். (பின்னாளில் வீட்டைப் பெயர்த்து கிங்ஸ்லாந்து என்ற ஊருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அது உணவகமாகிவிட்டது. மனிதக் கறி சமைத்ததாகக் காட்டிய வீட்டில் சாப்பாட்டுக் கடை வைக்க ஒரு மனசு வேண்டும்.)

இடத்தில் பார்க்க வேண்டிய மற்றவை: கழிப்பறை, குடிநீர், மின்சாரம், பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். தனியாருடைய தோப்பு, கைவிடப்பட்ட பண்ணை, மூடிய ஆலை போன்றவை சின்ன யூனிட்டுக்குத் தோதானவை. இடம் பொய் சொன்னாலும் பரவாயில்லை. 1978-ல் வந்த 'ஹாலோவீன்' இல்லினாய் மாநிலத்து இலையுதிர் காலத்தில் நடக்கும் கதை. எடுத்ததோ கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். காய்ந்த இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவுவார்கள், ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவார்கள்.

படி 2: ஏன் வந்தார்கள், ஏன் போகவில்லை

'ஜாலியாக டிரிப் போனார்கள்' என்பது காரணம் இல்லை. டெக்சஸ் படத்தில் சாலியும் அவள் சகோதரன் ஃபிராங்க்ளினும் வருவது, இடுகாட்டில் பிணங்களைத் தோண்டுகிறார்கள் என்ற செய்தி கேட்டு, தாத்தாவின் கல்லறை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. அங்கேயே மாட்டிக்கொள்வது பெட்ரோல் இல்லாததால். பங்கில் கேட்டால் லாரி இன்னும் வரவில்லை என்கிறார்கள். படம் திரைக்கு வந்தபோது அமெரிக்கர்கள் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் பங்க் வரிசைகளில் நின்று சலித்துப் போயிருந்த நேரம். அந்த ஒரு வசனத்துக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் படத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். பார்ப்பவர் தன் வாழ்க்கையில் பட்ட சின்னத் தொல்லை ஒன்று இங்கே உயிரை வாங்க வேண்டும். கைபேசிப் பிரச்சினையை ஒரே வரியில் முடியுங்கள். சிக்னல் இல்லாத திரையை மூன்று முறை குளோசப்பில் காட்டும் படங்களைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். சிக்னல் இருக்கட்டும், போலீஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று எழுதிப் பாருங்கள். அது இன்னும் மோசம்.

ஐந்து பேரில் ஒருவரைப் பிறருக்கு எரிச்சல் தருபவராக எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஃபிராங்க்ளின் புலம்பிக்கொண்டே இருப்பான். கூட வந்தவர்களும் நாமும் அலுத்துக்கொள்கிறோம். அப்புறம் இருட்டில் அவன் மேல் ரம்பம் பாயும்போது, கொஞ்சம் முன்னால் அவனைத் திட்டியது நினைவுக்கு வரும்.

படி 3: தின்பவர்கள் யார் என்று உட்கார்ந்து யோசியுங்கள்

பெரும்பாலான சின்னப் படங்கள் விழும் பள்ளம் இதுதான். கோணல் பல், அழுக்குச் சட்டை, உறுமல், முடிந்தது என்று நினைக்கிறார்கள். பயம் அதில் இல்லை. டெக்சஸ் குடும்பத்துக்கு ஒரு வேலை இருந்தது, போய்விட்டது. தலைமுறையாக இறைச்சிக் கூடத்தில் சம்மட்டியால் மாடு அடித்தவர்கள் அவர்கள். காற்றழுத்தத் துப்பாக்கி வந்ததும் ஆட்கள் தேவைப்படவில்லை. வழியில் வேனில் ஏறிக்கொள்ளும் அந்தக் குடும்பத்து இளைஞன் இதை நேரடியாகவே சொல்கிறான்: பழைய முறைதான் நல்லது, புதியதால் ஆட்களுக்கு வேலை போயிற்று என்று. தெரிந்த ஒரே தொழிலை அவர்கள் விடவில்லை. சரக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் அது ஒரு குடும்பம். சமைக்கிற மூத்தவர், ஊர் சுற்றுகிற தறுதலை, மனிதத் தோலை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பார்க்கிற லெதர்ஃபேஸ், எல்லாரும் மரியாதையோடு நடத்துகிற தாத்தா. எனக்கு மிகவும் பிடித்த இடம் ரத்தம் சிந்துகிற எதுவும் இல்லை. பெண்ணைக் கட்டி வண்டியில் போட்ட சமையல்காரர், விளக்கை அணைக்கக் கடைக்குள் திரும்பிப் போகிறார். மின்சாரச் செலவு ஒரு மனிதனை வியாபாரத்தை விட்டே துரத்திவிடும் என்று புலம்புகிறார். வீட்டுக்கு வந்தால் ரம்பத்தால் அறுபட்டுக் கிடக்கும் வாசல் கதவைப் பார்த்து, உன் சகோதரன் கதவை என்ன செய்து வைத்திருக்கிறான் பார் என்று கத்துகிறார். கட்டிக் கொண்டுவந்த பெண் உயிருக்குப் போராடுகிறாள். இவர் கவலை கதவு.

அதனால் ஷூட்டிங்குக்கு முன் உங்கள் கொலைகாரர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு எழுதுங்கள். யார் சம்பாதிக்கிறார், யார் பாத்திரம் கழுவுகிறார், யார் யாருக்குப் பயப்படுகிறார், போன வாரம் எதற்குச் சண்டை. அதில் ஒரு பக்கம்கூடப் படத்தில் வராமல் போகலாம். நடிப்பில் வரும்.

இன்னொன்று. நாகரிகம் எட்டாத இடத்தில் நரமாமிசக்காரர்கள் என்ற கதையைச் சொல்வது எப்போதும் நகரத்துக்காரர்கள்தான். ஸ்காட்லாந்தில் சானி பீன் என்பவன் கடற்கரைக் குகையில் பெரிய குடும்பத்தோடு வாழ்ந்து, வழிப்போக்கர்களைக் கொன்று தின்றான் என்று ஒரு பழங்கதை உண்டு. வெஸ் கிரேவன் 1977-ல் எடுத்த 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' அதிலிருந்து முளைத்தது. அப்படி ஒருவன் இருந்ததை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. ஸ்காட்லாந்துக்காரர்களை மட்டம் தட்ட இங்கிலாந்தில் பரப்பிய கதை என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கதையை அப்படியே நம் மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, பழங்குடி மக்களின் உடையையும் பேச்சையும் கொலைகாரர்களுக்கு மாட்டிவிடுவது சோம்பேறித்தனம். அதைவிட அநியாயம், அங்கே நிஜமாக மனிதர்கள் வாழ்கிறார்கள். ஹூப்பரின் குடும்பம் காட்டுவாசிகள் அல்ல, சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் விற்கிற இறைச்சியை அந்தப் பிள்ளைகளும் வாங்கித் தின்கிறார்கள்.

'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா? அவர்கள் போட்டார்கள், தேதியோடு. அது பொய். விஸ்கான்சின் மாநிலத்து பிளெயின்ஃபீல்டில் 1957-ல் பிடிபட்ட எட் கீன் கல்லறைகளைத் தோண்டி, தோலில் முகமூடி செய்தவன். ஹூப்பர் எடுத்துக்கொண்டது அந்த மாதிரி விவரங்களை மட்டும்தான். கீனிடம் சங்கிலி ரம்பமும் இல்லை, குடும்பமும் இல்லை, அவன் டெக்சஸ்காரனும் இல்லை.

படி 4: பணமும் தாளும்

முழுப் படத்துக்குப் பணம் கேட்பதற்கு முன் ஒரு துண்டை எடுத்துக் காட்டுங்கள். சாம் ரெய்மியும் நண்பர்களும் 1978-ல் அரை மணி நேரப் படம் ஒன்றை சூப்பர் 8 என்ற சின்ன ஃபிலிமில் எடுத்து, அதைப் பணம் போடக்கூடியவர்களிடம் போட்டுக் காட்டித்தான் 'தி ஈவில் டெட்' படத்துக்குத் திரட்டினார்கள். நீங்கள் மூன்று நிமிடம் எடுத்தால் போதும், ஆனால் அந்த மூன்று நிமிடம் பயமுறுத்த வேண்டும். டிரெய்லர் மாதிரி வெட்டி ஒட்டியது வேண்டாம். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே காட்சி.

சம்பளம் கொடுக்க முடியாதபோது லாபத்தில் பங்கு தருகிறேன் என்பது வழக்கம். டெக்சஸ் படத்திலும் நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் பங்கு கொடுத்தார்கள். பங்கு இருந்தது ஹூப்பரும் ஹெங்கலும் வைத்திருந்த வோர்டெக்ஸ் என்ற நிறுவனத்தில். அந்த நிறுவனத்துக்கோ படத்தில் பாதிதான் சொந்தம். அதனால் தன் கையில் இருப்பதாக ஒருவர் நினைத்த சதவீதம், உண்மையில் அதில் பாதி. அதற்கு மேல் விநியோகக் கணக்கில் ஓட்டை விழுந்து வழக்கு வரை போனது. கோடிகளில் ஓடிய படத்தில் நடித்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். நீங்கள் எழுதும் தாளில் எதில் பங்கு, எந்தச் செலவு கழித்த பிறகு பங்கு, எப்போது கணக்குக் காட்டப்படும் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நண்பன் கேமரா முன் நிற்கக் கூடாது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்லிவிடுங்கள்.

உரிமை விஷயத்தில் இன்னொரு கதை உண்டு. 1968-ல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வரி புதிய அட்டையில் விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. இப்போது சட்டம் அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனாலும் டைட்டில் கார்டை ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

படி 5: ஷூட்டிங்

ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்ல் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார், பிறகு 35 மி.மீ.க்குப் பெரிதாக்கினார்கள். அதனால் வந்த மணல் மணலான தோற்றம் இன்று அந்தப் படத்தின் அடையாளம். உங்களிடம் இருப்பது கைபேசி கேமரா என்றால் அதை சினிமா கேமராவாக மாறுவேடம் போட வைக்காதீர்கள். மதிய வெயிலில் எடுங்கள். இரவுக் காட்சியைப் பாதியாகக் குறையுங்கள். காடு முழுக்க விளக்குப் போடும் செலவு உங்களுக்குக் கட்டாது. டெக்சஸ் படத்தின் முதல் இரண்டு தாக்குதலும் பட்டப்பகலில்தான்.

ட்ராக், ட்ராலி இல்லையென்றால் பலகை போதும். ரெய்மி குழு கேமராவைப் பலகையில் பொருத்தி, ஆட்கள் இரு முனையையும் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பலகையின் நீளம் குலுக்கலைக் கொஞ்சம் தின்றுவிடும். நாங்கள் மூங்கில் கழியில் கட்டிப் பார்த்தோம், சுமாராக வந்தது.

உடை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரத்தக்கறை படும் பாத்திரத்துக்கு ஒரே மாதிரி உடை குறைந்தது மூன்று வேண்டும். லெதர்ஃபேஸாக நடித்த குன்னர் ஹான்சனுக்கு ஒரே ஒரு உடைதான். துவைத்தால் நிறம் மாறிவிடும் என்று மாதம் முழுக்கத் துவைக்கவே இல்லை. 38 டிகிரியைத் தாண்டும் வெயில். கடைசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை.

விருந்துக் காட்சியை இப்போது நினைத்தாலும் குமட்டும். தாத்தாவாக நடித்த ஜான் டூகனுக்கு அப்போது இருபது வயதுதான். முதியவராக்கும் மேக்கப் போடப் பல மணி நேரம் ஆனது, இன்னொரு முறை இதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் வரும் காட்சிகளை ஒரே மூச்சில், ஏறக்குறைய 26 மணி நேரம் எடுத்தார்கள். இரவாகக் காட்ட ஜன்னல்களை மூடியிருந்தார்கள். உள்ளே விளக்குச் சூடு, அழுகும் இறைச்சி, எலும்பு. ஆட்கள் வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். விரலைக் கீறும் ஷாட்டில் போலி ரத்தம் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. பொறுமை இழந்த ஹான்சன், சாலியாக நடித்த மெரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார்.

இதைச் சிலர் வீரக்கதை போலச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம். நிஜ இறைச்சி வைத்தால் அன்றன்றே அகற்றுங்கள். சங்கிலி ரம்பம் வந்தால் சங்கிலியைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், நடிகர் ஓடுகிற ஷாட்டில் எஞ்சினும் அணைந்தே இருக்கட்டும். சத்தம் பிறகு சேர்க்கலாம், விரலைச் சேர்க்க முடியாது. முதலுதவி தெரிந்த ஒருவர், எப்போதும் கிளம்பத் தயாராக ஒரு வண்டி, சண்டைக் காட்சிக்கு மெதுவேக ஒத்திகை. இவற்றைப் பட்ஜெட்டில் முதல் வரியாகப் போடுங்கள்.

படி 6: கொலை

டெக்சஸ் படத்தை ரத்தக் குளியல் என்று நினைப்பவர்கள் திரும்ப ஒரு முறை பார்க்க வேண்டும். 83 நிமிடப் படத்தில் முதல் கொலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சங்கிலி ரம்பத்தால் கொல்லப்படுவது ஒரே ஒருவர். ரத்தம் மிகக் குறைவு.

அந்த முதல் கொலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படியுங்கள். ஐவரில் ஒருவனான கிர்க் பெட்ரோல் கேட்டு வந்து வாசலில் கூப்பிடுகிறான், பதில் இல்லை. உள்ளே போகிறான். நடையின் கடைசியில் சிவப்புச் சுவர், அதில் விலங்குகளின் மண்டையோடுகள். பன்றி உறுமுவது போல ஏதோ சத்தம். வேகமாகப் போகிறான், கால் தடுக்குகிறது. கதவு நிலையில் ஒரு பெரிய உருவம் முளைக்கிறது. சுத்தியல். உடல் துடிக்கிறது. இன்னொரு அடி. உள்ளே இழுக்கிறது. இரும்புக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. நடந்தது இன்னதென்று நமக்குப் புரிவதற்குள் முடிந்துவிட்டது. முன்னறிவிப்பாக இசை இல்லை, கொலைகாரனின் பார்வையில் ஷாட் இல்லை. மாடு அடிப்பவன் வேலையை முடிப்பது போல முடித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறான். அதற்கப்புறம் ஊஞ்சலில் இருந்து கிர்க்கின் காதலி பாம் எழுந்து வீட்டை நோக்கி நடக்கிறாள். கேமரா ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து தாழ்வாகவே பின்தொடர்கிறது. வீடு அவள் தலைக்கு மேல் வளர்ந்துகொண்டே போகிறது.

பாமைக் கொக்கியில் மாட்டும் ஷாட்டில் கொக்கி உடம்பில் இறங்குவதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். கீழே ஒரு வாளி வைத்திருக்கிறது, மற்றதை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. உங்கள் பட்ஜெட்டில் வாங்க முடிந்த சிறப்பு ஒப்பனையைவிட அந்த வாளி மலிவு.

கொஞ்சம் ரத்தம் வேண்டும்தான். பேக்கரிப் பொருள் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். ஒரு கப்புக்கு உணவுச் சிவப்பு இரண்டு தேக்கரண்டி, கோகோ பொடி ஒரு தேக்கரண்டி, நீலம் இரண்டு சொட்டு. தண்ணீர் விட்டுப் பதம் பாருங்கள். உடையில் மட்டும் படும் என்றால் சொட்டு சலவைத் திரவம் சேர்த்தால் கறை போக வசதி. வாய்க்கோ கண்ணுக்கோ அருகில் போகிற ரத்தத்தில் அது கூடாது. கேமராவில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள், கண்ணுக்குச் சரியான சிவப்பு சென்சாருக்கு ரோஜா நிறமாகத் தெரியலாம். எறும்பை மறக்காதீர்கள். எங்கள் 'பிணம்' மூன்றாவது டேக்கில் துள்ளி எழுந்து ஓடியது, நடிப்புக்காக இல்லை.

படி 7: சத்தம்

படத்துக்கு நல்லதாக நூறு ரூபாய் செலவழிக்க முடியும் என்றால் அறுபதை இங்கே வையுங்கள். ஹூப்பரும் வெய்ன் பெல்லும் செய்த இசையில் மெட்டு என்று ஒன்று இல்லை. உலோகம் உரசுகிறது, ஏதோ முனகுகிறது, எது இசை எது வீட்டின் சத்தம் என்று பிரிக்க முடியாது. லொகேஷனை விட்டுக் கிளம்புமுன் அரை நாள் ஒதுக்கி, அங்கிருக்கும் கதவு, தகரம், சங்கிலி, ஜெனரேட்டர், காற்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாத வெறும் அறையை இரண்டு நிமிடம் பதிவு செய்வதும் முக்கியம், எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் உதவும். கொலைக்கு ஒரு நிமிடம் முன்னால் பின்னணி இசையை நிறுத்திப் பாருங்கள்.

படி 8: சான்றிதழும் சோதனையும்

ரத்தம் குறைவாக இருந்தால் தணிக்கையில் தப்பிக்கலாம் என்று ஹூப்பரும் கணக்குப் போட்டார். பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கக்கூடிய 'பிஜி' பிரிவு கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தது 'ஆர்', 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டிய பிரிவு. பிரிட்டனில் 1975-ல் சான்றிதழே மறுத்தார்கள், 1999-ல்தான் கொடுத்தார்கள். வெட்டச் சொல்லத் தனியாக ஒரு ஷாட்டும் அகப்படவில்லை, படம் முழுக்கவே அவர்களைத் தொந்தரவு செய்தது. அதே படத்தை 2024-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. நம் ஊரில் திரையரங்கில் வெளியிட மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் கட்டாயம். இந்த வகைக்கு 'ஏ' என்று முதலிலேயே வைத்துக்கொண்டு வியாபாரக் கணக்குப் போடுங்கள்.

முதல் வெட்டு தயாரானதும் இந்த வகைப் படமே பிடிக்காத நான்கு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது, அவர்களைப் பாருங்கள். கைபேசியை எடுக்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கத்தரிக்க வேண்டியது அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கும். நாங்கள் போட்டுக் காட்டியது என் அத்தை வீட்டுக் கூடத்தில். ஆறாவது நிமிடத்தில் அவர் கைபேசியை எடுத்தார், அந்த இடத்தில் வேன் பாட்டும் சிரிப்பும் இரண்டு நிமிடம் போயிற்று. ஷட்டர் காட்சி வந்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணை உள்ளே போக வேண்டாம்னு சொல்லுங்கடா" என்றார். பொண்ணு இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், திரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வேனில் ஒன்றரை நிமிடத்தை வெட்டினோம். ஷட்டரில் கை வைக்கவில்லை.